சூனியக்காரி நாவலைப் பாதியில் மூடினேன்: 100 வயதில் அட்டையைப் பார்த்தே மூடலாமாம்!

வணக்கம் மக்களே! 140 பக்கம் தாண்டியாச்சு, கதாநாயகி இன்னும் ஒரு மந்திரம்கூடப் போடவில்லை. அட்டையில் தீப்பிழம்பு, கறுப்பு அங்கி, காக்கைக் கூட்டம் என்று தூள் பறக்கிறது, உள்ளே போனால் அந்தப் பெண் மூலிகை காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். மூடி வைத்துவிட்டேன்.

எந்த நாவல் என்று சொல்லமாட்டேன், எழுதியவரை வம்புக்கு இழுப்பது நோக்கமில்லை. 16 வயதுப் பெண், சாகக் கிடக்கும் பாட்டி, திறக்கக் கூடாத பெட்டி, காட்டுக்குள் சூனியக்காரிகளின் பள்ளி. பின்னணி அவ்வளவுதான், இந்த ரகத்தில் நாலு படித்தவருக்கு மீதி தானாகத் தெரியும்.

சரி, மெதுவாகப் போவது குற்றமா? கிடையவே கிடையாது. அந்த மூலிகைக் காட்சி ஆறு பக்கம், வேரைக் கழுவுகிறாள், நறுக்குகிறாள், கொதிக்கவிடுகிறாள், ஆறு பக்கம் முடிந்தும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, புதிதாக ஒரு பயமும் வரவில்லை. அதே காட்சியில் ஜாடியிலிருந்து ஒரே ஒரு வேர் காணாமல் போயிருந்தால் இருபது பக்கம்கூட உட்கார்ந்து படித்திருப்பேன். மேக்பெத் தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் மூன்று சூனியக்காரிகளை மேடையேற்றி, எப்போது, எங்கே, யாரைச் சந்திக்கப் போகிறார்கள் என்று ஏறக்குறைய ஒரு டஜன் வரியில் சொல்லவைத்து இறக்கியும் விடுகிறார். வயிற்றில் புளியைக் கரைக்க அது போதும்!

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். நான்சி பேர்ல் என்று ஒரு அமெரிக்க நூலகர், புத்தகத்தை எப்போது கைவிடலாம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். உங்களுக்கு வயது 50-க்குள் என்றால் 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். 50 தாண்டியவர்கள் 100-இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம், 75-க்கு 25, வயது ஏற ஏறப் பொறுமைக்குத் தள்ளுபடி! 100 வயதானால் மிச்சம் பூஜ்யம், அட்டையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடலாம் என்கிறார் அந்த அம்மா. இதை நம்ம நாவலுக்குப் போட்டுப் பாருங்களேன். கதையில் வரும் பாட்டிக்கு 92 வயது, அவருக்கு அனுமதி எட்டே பக்கம், ஆனால் அவர் சாவதே 11-ஆம் பக்கத்தில், அதனால் தன் சாவைப் படிக்காமலே அவர் புத்தகத்தை மூடியிருக்கலாம்! சரி, சின்னப் பிள்ளைகள்? யாருக்குமே 50-க்கு மேல் கிடையாதே, அப்புறம் 140 பக்கம் வரை மந்திரத்தைப் பூட்டி வைத்தால் யாருக்காகத்தான் எழுதினார்கள்?

காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சேதி. 1985-இல் ஆர்கஸ், புளூமர் என்ற இருவர் நாடக சீசன் டிக்கெட்டுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. முழு விலை கொடுத்தவர்கள்தான் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். ரசனை இல்லை, கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பெனாக் 1992-இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் எழுதினார், அதில் மூன்றாவது, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை.

உங்கள் கணக்குப்படி உங்களுக்கு எத்தனை பக்கம் என்று கமெண்டில் போடுங்கள், ஆனால் 50 தாண்டியவர்கள் வயதைக் குறைத்துச் சொன்னால் அதிகப் பக்கம் படிக்க வேண்டிவரும், பார்த்துக்கொள்ளுங்கள்!