பக்கத்துக் கணு நம்மைப் போலவே இருக்க வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பனியன் தொழிலில் ஜாப் ஒர்க் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று டெலிவரி சலான்களை வைத்து கிராஃப் கட்டியிருக்கிறார்: ஒவ்வொரு யூனிட்டும் ஒரு கணு, துணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஓர் இணைப்பு. ஒரு யூனிட் நிட்டிங்கா, சாயப்பட்டறையா, துணி பிறகு சுருங்காதபடி இறுக்கும் காம்பாக்டிங்கா, தையலா என்று கணிக்க வேண்டும். இணைப்புகளையும் சேர்த்துக் கற்கும் நியூரல் நெட்வொர்க்கான ஜிசிஎன் (GCN) போட்டால், இணைப்புகளையே பார்க்காத சாதாரண நியூரல் நெட்வொர்க்கான எம்எல்பியை (MLP) விட மோசமாக வருகிறதாம். கோடில் தப்பா என்கிறார்.

கோடில் தப்பு இல்லாமலேயே இப்படி வரும். ஜிசிஎன் செய்வது, ஏறக்குறைய, ஒரு கணுவையும் பக்கத்துக் கணுக்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கு இது பொருந்தும்: ஒரு தோப்பில் வெள்ளை ஈ விழுந்தால் வேலிக்கு அந்தப் பக்கமும் பெரும்பாலும் விழுந்திருக்கும். இணைந்தவை ஒரே வகையாக இருப்பதைத்தான் ஹோமோஃபிலி என்கிறோம். எல்லோரும் பழகுகிற கோரா (Cora) தரவும் அப்படித்தான்; அதில் ஒரு கட்டுரை இன்னொன்றை மேற்கோள் காட்டினால் இணைப்பு. 2708 ஆய்வுக் கட்டுரைகள், 7 வகைகள். இணைப்புகளில் சுமார் 81 சதவீதம் ஒரே வகைக்குள்.

உங்கள் கிராஃபில் நிட்டிங்காரர் துணியை இன்னொரு நிட்டிங்காரருக்கா அனுப்புகிறார்? சாயத்துக்கு அனுப்புகிறார். தண்ணீர்ச் செலவை மட்டும் எடுத்துக்கொள்வோம், கணக்குக்காக: சாயப்பட்டறை 90, காம்பாக்டிங் 4, நிட்டிங் 2, தையல் 2. பட்டறைக்கு ஒரு பக்கம் நிட்டிங், மறுபக்கம் காம்பாக்டிங், தன்னையும் சேர்த்துச் சராசரி 32. காம்பாக்டிங்குக்கு ஒரு பக்கம் சாயம், மறுபக்கம் தையல், அதுவும் 32! 90-க்கும் 4-க்கும் இருந்த வித்தியாசம் ஒரே அடுக்கில், அதாவது ஒரு முறை சராசரி எடுத்ததிலேயே, கரைந்துவிட்டது. எம்எல்பி ஜெயித்தது இதனால்தான்.

ஹோமோஃபிலி குறைவு என்றாலே ஜிசிஎன் தோற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் அக்கம்பக்கம் தனித்த ஜாடையோடு இருந்தால் அதுவே அடையாளம். சராசரியில் அந்த ஜாடை கலங்கும்போதுதான் சிக்கல்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இரு முனையும் ஒரே வகையாக உள்ள இணைப்புகள் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். அப்புறம் கணுவின் சொந்த விவரத்தைப் பக்கத்தாரோடு கலக்காமல் தனியாக வைத்து, பக்கத்தாரின் சராசரிக்கு அருகில் ஒட்டுங்கள். கிராஃப்சேஜ் (GraphSAGE) என்ற முறை 2017-லேயே அப்படித்தான் செய்தது. துணி வந்த இணைப்பையும் போன இணைப்பையும் பிரித்துத் திரட்டுங்கள், உங்களிடம் சலான் இருக்கிறதே. இரண்டு எட்டு தள்ளியும் பாருங்கள்: ஒரே பட்டறைக்குத் துணி கொடுக்கும் இருவரும் நிட்டிங்காரர்களாகவே இருப்பார்கள். 2020-இல் வந்த எச்2ஜிசிஎன் (H2GCN) என்ற முறை இந்த இரண்டாம் வட்டத்தையும் தனியாகவே திரட்டுகிறது. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, எம்எல்பியோடு ஒப்பிட்டு எண்களை அனுப்புங்கள்.