முதல் அட்டவணையில் கொஞ்சம் நில்லுங்கள்

நண்பர்களே, மருத்துவ ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் நாம் நேராக முடிவுக்குத் தாவிவிடுகிறோம். பங்கேற்றவர்களின் வயது, பாலினம், படிப்பு, தொழில், வருமானம் எல்லாம் போட்ட முதல் அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், அதைப் படிக்காமல் முடிவைப் படிப்பது வீண்.

ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 22,071 பேர். அத்தனை பேரும் டாக்டர்கள், அத்தனை பேரும் ஆண்கள்! டாக்டர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள், கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவார்கள். ஆய்வாளருக்கு வசதிதான். மாரடைப்பு நன்றாகவே குறைந்தது. சரி, பெண்களுக்கு? கிட்டத்தட்ட 40,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்தது. மருந்தின் அளவும் வேறு என்பதால் பாலினம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் ஆய்வை நம்பிப் பெண்களுக்கும் அதே பலன் என்று எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் 'யுகே பயோபேங்க்' என்ற பெரிய மருத்துவ ஆய்வு 2006 முதல் 2010 வரை 90 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அழைப்பு அனுப்பியது. வந்தவர்கள் சுமார் 5 லட்சம், அதாவது நூற்றுக்கு ஐந்தரை பேர். பொது மக்களோடு ஒப்பிட்டால் இவர்களில் புகைப்பவர்கள் குறைவு, வறுமையான பகுதிகளில் வசிப்பவர்களும் குறைவு. உடம்பு முடியாதவரும் ஒரு நாள் கூலியை விட முடியாதவரும் எங்கே வரப்போகிறார்கள்?

பின்னணியை எவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறோம் என்பது அடுத்த விஷயம். 1967இல் லண்டனில் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வில் சுமார் 18,000 ஆண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர அரசு வேலை. 'தொழில்: அரசு ஊழியர்' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பதவிப் படிநிலையையும் குறித்துக்கொண்டதால்தான், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட அடிமட்ட ஊழியர்களின் இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்கு என்பது வெளியே வந்தது.

அப்புறம் வருமானம். இந்தக் கேள்விக்கு நிறையப் பேர் பதில் எழுத மாட்டார்கள். அந்தக் காலிக் கட்டங்களைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்று அட்டவணையிலேயே ஒரு வரி போடுங்கள். பங்கேற்க மறுத்தவர்களின் வயதும் பாலினமும் கையில் இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.