கோர்ட்டுக்குள்ளே போன வீடு

எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன வயதில் எங்கள் ஆயாவோடு பஸ்ஸில் பாரிமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று நடக்கும். ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள் தெரிந்ததும் ஆயா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "நம்ம வீடு இதுக்குள்ளதான்டா கண்ணு போயிடுச்சு" என்பார். எப்போது என்று கேட்டால், "எம்டன் குண்டு போட்டானே, அதுக்கும் முன்னாடி" என்று பதில் வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. ஆயா அப்போது பிறக்கவே இல்லை, அவருடைய அம்மா சொன்னதை இவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

வீடு எப்படி ஒரு கட்டடத்துக்குள்ளே போகும்? எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகும்வரை இதைப் பெரிதாக யோசித்ததில்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்ததும்தான் பழைய மதராஸ் வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன், பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐகோர்ட் நிற்கிற இடத்தில் உண்மையிலேயே ஒரு ஊர் இருந்திருக்கிறது. தெருத் தெருவாக, கோயிலும் மார்க்கெட்டும் மதிலுமாக ஒரு முழு ஊர். ஆயா சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்த ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது, நீங்கள்தான் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். 1640இல் ஆங்கிலேயர்கள் கடற்கரையில் கோட்டை கட்ட ஆரம்பிக்கிறார்கள். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள், அதற்கு வடக்கே ஒட்டினாற்போல நம் ஆட்கள்: துணி வியாபாரிகள், நெசவாளர்கள், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துப் பேசிய துபாஷிகள், படகோட்டிகள். அந்த வடக்குப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் பிளாக் டவுன், கறுப்பர் நகரம். இன்றைய ஐகோர்ட், பழைய சட்டக் கல்லூரி வளாகம், வடக்கே என்.எஸ்.சி. போஸ் சாலை வரைக்கும் அந்த ஊர்தான். அதன் நடுவில் சென்னகேசவப் பெருமாள் கோயில்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்துகொண்டு சுடுவான் என்று, கோட்டையை ஒட்டிய தெருக்களை இடித்துத் தள்ளினார்கள். 1749இல் ஊர் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வந்தவர்கள் மீண்டும் கட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதே பயம் அவர்களுக்கும். மிச்சமிருந்ததையும் அவர்களே இடித்தார்கள். 1757 வாக்கில் பெருமாள் கோயிலும் போயிற்று. அடுத்த வருடக் கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து முற்றுகை போட்டான், 1759 பிப்ரவரியில் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அங்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று திறந்தவெளியாக விட்டு, 1773இல் எல்லைக்கு ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. பல தடவை அதன் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறேன், ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

ஜனங்கள் எங்கே போனார்கள்? வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். இப்போது ஜார்ஜ் டவுன் என்கிறோமே, அதுதான். வேடிக்கை என்னவென்றால் ஆட்களோடு பெயரும் கூடவே போய்விட்டது. புது இடத்தையும் பிளாக் டவுன் என்றே கூப்பிட்டார்கள். ஆகவே ஒரு பழைய காகிதத்தில் பிளாக் டவுன் என்று இருந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். 1740 என்றால் ஒரு ஊர், 1780 என்றால் வேறு ஊர். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் மூன்று மாதம் குழம்பினேன்.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்ப்பதற்குக் கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளே இருக்கிறது. இரண்டு படங்களிலும் மாறாத நாலைந்து புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால் போதும், மீதியை அது நீட்டி வளைத்து உட்கார வைத்துவிடும். மாறாத புள்ளி எது என்பதில்தான் சிக்கல். கோயில் மாறாது என்று நான் சென்னகேசவப் பெருமாளைப் பிடித்துக்கொண்டேன். கோயில்தானே நகர்ந்திருக்கிறது! பழைய கோயிலுக்குப் பதிலாக 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் கட்டிய கோயில்தான் இப்போது நாம் கும்பிடுவது. நான் அதை ஆதாரமாக வைத்ததும் படம் கோணிக்கொண்டு பாதி மதராஸ் கடலுக்குள் போய்விட்டது. சரி, கடற்கரையைப் பிடிப்போம் என்றால் அதுவும் நகர்ந்திருக்கிறது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலை இன்றைய ராஜாஜி சாலை வரை வந்துகொண்டிருந்தது. ஆர்மீனியர் தேவாலயமும் இடம் மாறியதுதான், இப்போது ஆர்மீனியன் தெருவில் இருப்பது 1772இல் கட்டியது. கோட்டை மதில்களையும் 1750களில் மேற்கே தள்ளிப் பெரிதாக்கிவிட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம். 1680இல் திறந்தது, அன்றிலிருந்து அதே இடம். இன்னொன்று பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பு மாதிரி உயர்ந்து நிற்கும் ஒரு கல்லறை. மதராஸ் கவர்னராக இருந்து பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்த எலிஹு யேல் இருக்கிறாரே, அவருடைய குழந்தை டேவிட் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறான். யேலின் மனைவியுடைய முதல் கணவரும் அங்கேதான். அந்த இடம் முழுக்க ஆங்கிலேயர்களின் பழைய இடுகாடு. லாலியின் வீரர்கள் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள் என்று, முற்றுகை முடிந்ததும் கல்வெட்டுகளைப் பெயர்த்துக் கொண்டுபோய் செயின்ட் மேரி முற்றத்தில் தரைக்கல்லாகப் பதித்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அவற்றின்மேல்தான் நடக்கிறார்கள். செத்தவர்களுக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்திருக்கிறது, பாருங்கள்.

இந்த இரண்டையும் பிடித்ததும் படம் ஒழுங்காக உட்கார்ந்தது. ஐகோர்ட் வராந்தாவில் வக்கீல்கள் நடந்துபோகிற இடத்தில் ஒரு தெரு, கார் நிறுத்துகிற இடத்தில் இன்னொரு தெரு. எங்கள் வீடு இதில் எது?

இங்கேதான் சென்சஸ் விஷயம் வருகிறது. என் சித்தப்பா மகன் லண்டனில் இருக்கிறான். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டில் 1911இல் யார் யார் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எத்தனை குழந்தை என்று அரை மணி நேரத்தில் எடுத்துக் காட்டினான். அங்கே நூறு வருடம் ஆனதும் ஆட்களின் பெயரோடு இருக்கும் குடிக்கணக்குத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் வருடத்துத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. அடுத்தது 1931தான், ஆனால் அது 1942 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. 1941இல் யுத்தம் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. ஆக, நம் பொக்கிஷம்தான் பாழாகும் என்றில்லை, அவர்களுடையதும் பாழாகியிருக்கிறது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. 1871 மதராஸ் சென்சஸில் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர் இருக்குமே! போய்த் தேடினால் பெயர் என்று ஒன்றுமே கிடையாது. நம் ஊரில் கணக்கெடுத்துக் கூட்டி அட்டவணை போட்டதும் வீட்டு வாரியான தாள்களைக் கழித்துவிடுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டமும் தனி ஆள் விவரத்தை யாரும் பார்க்கக் கூடாது என்கிறது. அதனால் மிஞ்சுவது மொத்தக் கணக்குதான். 1871இல் மதராஸ் நகரத்தின் ஜனத்தொகை 3,97,552. இந்த எண்ணில் கடைசி இரண்டில் எங்கள் ஆள் ஒருத்தராக இருக்கலாம் என்று வேண்டுமானால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் அந்த அறிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள். எந்தப் பகுதியில் எந்தத் தொழில்காரர்கள் அதிகம், மெத்தை வீடு எத்தனை, ஓட்டு வீடு எத்தனை, கூரை வீடு எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆள் தெரியாவிட்டாலும் அக்கம்பக்கம் தெரியும்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது பத்திரம். நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான்: தாத்தாவைத் தேடப் போகிறவர்கள் நேரே வீட்டுப் பரணுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் அது என் அத்தையின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் மடித்துக் கிடந்தது. 1887ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். வாங்கியவர் என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா. பத்திரத்தில் மிகவும் ருசியான பகுதி செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, சந்துக்கு வடக்கு, பொதுக் கிணற்றுக்குத் தெற்கு. படிக்கும்போது ஜாக்கிரதை, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு என்றால் இன்னார் நமக்கு மேற்கே இருக்கிறார் என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதிர்வாடையில் போய் நின்றவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது, எண்கள். சென்னைப் பத்திரங்களில் ஓ.எஸ். நம்பர், ஆர்.எஸ். நம்பர், சி.சி. நம்பர் என்று வரிசையாக வரும். பழைய சர்வே, மறு சர்வே, கலெக்டர் சர்டிபிகேட். தெருப் பெயர் மாறும். எம்.ஜி.ஆர். காலத்தில் சாதிப் பெயர்களை எடுத்ததில் பல தெருக்கள் வாலை இழந்தன. கதவு எண்ணும் மாறும், சென்னைக்காரர்களுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழக்கம். சர்வே எண்ணுக்கு மட்டும் அந்தச் சபலம் குறைவு, மறு சர்வே வந்தாலும் பழையது இதுதான் புதியது என்று பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வரலாம்.

பத்திரத்தைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. 1887இல் வாங்கிய வீடு என்றால் அது எப்படி 1757இல் இடித்த ஊரில் இருக்கும்? அந்த இடத்தில் அப்போது வெறும் பொட்டல்தானே? சர்வே எண்ணை வைத்துப் பார்த்தால் வீடு முத்தியால்பேட்டையில், ஒரு முட்டுச் சந்தில். தெருப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் நான் பங்கு கேட்டு வருகிறேன் என்று பயந்துவிடுவார்கள்.

அப்புறம் வில்லங்கம் பார்த்தேன், அதாவது அந்தச் சொத்து யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவு. நான் பார்த்தபோது இணையத்தில் 1975க்குப் பிறகுள்ளவை பெரும்பாலும் கிடைத்தன, அதற்கு முந்தியவற்றுக்கு மனுப் போட்டுக் கையால்தான் தேட வேண்டியிருந்தது. ஆள் வைத்துத் தேடி, ஒன்றும் வராமல் மறுபடியும் தேடி, நாலாவது மாதம் ஒரு பதிவு கிடைத்தது. வருடம் 1911. விற்றது எங்கள் ஆட்கள் இல்லை, கோர்ட். பாகப்பிரிவினை வழக்கில் டிகிரி, அதாவது தீர்ப்பு, ஆகி, வீடு ஏலத்துக்குப் போய், யாரோ ஏலம் எடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் தம்பிச் சண்டை. ஐகோர்ட் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது 1892இல், வழக்கு நடந்ததும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள்ளேதான். எங்கள் வீடு கோர்ட்டுக்குள்ளே போனது என்று ஆயா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. எம்டனுக்கு முன்னாடி என்பதும் சரி. நான்தான் அதைப் பூகோளமாக எடுத்துக்கொண்டு, கோட்டையிலிருந்து அடிக்கணக்கில் அளந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தாலும் அந்த வரைபடங்களோடு கழித்த இரண்டு வருடத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1887க்கு முன்னால் எங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. கேசவப் பெருமாள் எங்கள் குலதெய்வம் இல்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை அந்தக் கோயிலுக்குத்தான் போகும். ஏன் என்று ஆயாவிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "அது அப்பவே அப்படித்தான்" என்றுதான் சொல்லியிருப்பார்.

போன மாதம் அந்தச் சந்துக்குப் போனேன். வீடு இல்லை, பேப்பர் பண்டல் அடுக்கிய குடோன் ஒன்று நிற்கிறது. பொதுக் கிணற்றை மூடி அதன்மேல் கார்ப்பரேஷன் கைப்பம்பு வைத்திருக்கிறார்கள். செக்குபந்தியில் நான்கில் ஒன்று இன்னும் தண்ணீர் தருகிறது.

அந்த 1911 வழக்கின் கட்டு எங்கேயாவது மிச்சமிருந்தால் பார்க்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். வாய்தா கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவேன், எங்கள் குடும்பத்துக்கு அங்கே அது பழக்கம்தான்.

நன்றி, வணக்கம்.