கடைசி அரை மணி நேரம்: ஒரு இயேசு படத்தைக் கண்டவர்களும் காணாதவர்களும்

[திரையில்: மரத்தை இழைக்கும் இரு கைகள். இசை இல்லை.]

தச்சர் ஒருவர் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் செய்வது மேசையோ கலப்பையோ அல்ல. உரோமானியர்கள் தங்களை எதிர்க்கும் யூதர்களை அறைந்து கொல்வதற்கான சிலுவை. உள்ளே வரும் யூதாஸ், சொந்த இனத்தாரைக் கொல்லும் கருவியைச் செய்து கொடுக்கிறாயே என்று அவரை அடித்து ஏசுகிறான். அந்தத் தச்சர்தாம் இயேசு. மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கி, 1988 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் வெளியான ‘கிறிஸ்துவின் கடைசிச் சோதனை’ படத்தின் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று இது.

இந்தக் காட்சியை எதிர்த்து யாரும் பெரிதாகத் தெருவில் இறங்கவில்லை. ஊரே கொதித்தது, படத்தின் இறுதியில் வரும் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்காகத்தான்.

[திரையில்: இருண்ட வானம், தொலைவில் மூன்று சிலுவைகள். நிழலுருவம் மட்டும்.]

சிலுவையில் தொங்கும் இயேசுவிடம் ஒரு சிறுமி வருகிறாள். தன்னைக் காவல் தூதர் என்று சொல்லிக்கொண்டு, நீர் பட்ட பாடு போதும் என்று ஆணிகளைப் பிடுங்கி அவரைக் கீழே இறக்குகிறாள். அவர் மக்தலேனா மரியாளை மணக்கிறார்; அவள் இறந்த பின் மார்த்தா, மரியா சகோதரிகளுடன் வாழ்ந்து, பிள்ளை குட்டிகளோடு முதுமை அடைகிறார். எருசலேம் தீப்பற்றி எரியும் வேளையில், படுக்கையில் கிடக்கும் அந்த முதியவரிடம் யூதாஸ் வந்து, நீ இருக்க வேண்டிய இடம் சிலுவையல்லவா என்று கேட்கும்போதுதான், தூதராக வந்தவள் சாத்தான் என்பது தெரியவருகிறது. தவழ்ந்து வெளியே வந்து, தம்மை மீண்டும் சிலுவையில் ஏற்றும்படி இயேசு மன்றாடுகிறார். மறுகணம் அவர் சிலுவையிலேயே இருக்கிறார். அதுவரை நாம் கண்டதெல்லாம் சோதனை, அதை அவர் வென்றுவிட்டார்.

கதையை முழுதாகச் சொல்லக் காரணம் உண்டு. படத்தைக் கடைசிவரை பார்க்கிறவருக்கு அந்தத் திருமணம் உதறித் தள்ளப்பட்ட ஓர் ஆசை. பார்க்க மறுக்கிறவருக்கு அது இயேசுவின் மேல் சுமத்தப்பட்ட அவதூறு. அவரவர் எங்கே நின்றுவிட்டார் என்பதைப் பொறுத்து, ஒரே காட்சி இரு வேறு பொருள்களைத் தந்துவிடுகிறது.

இதன் அடித்தளம் விவிலியத்துக்கு அந்நியமானதும் அல்ல. ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற’ ஒருவர் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இயேசுவைச் சொல்கிறது. எல்லாவிதத்திலும் என்றால் எதுவரை என்பதுதான், கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசன்ட்சாகிஸ், இப்படத்துக்கு மூலமான தம் நாவலில் எழுப்பிய கேள்வி. வத்திக்கான் 1954இல் அந்த நாவலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது; ஆண்டவரே, உமது நீதிமன்றத்திலேயே முறையிடுகிறேன் என்ற பொருள்படும் பழைய இலத்தீன் வாசகத்தை அவர் தந்தியாக அனுப்பினார்.

ஸ்கோர்செஸி சிறுவயதில் கத்தோலிக்கக் கோயிலில் பீடச் சிறுவராக இருந்து, குருவாக விரும்பியவர். திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடரோ, கால்வினிசம் என்னும் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில், பதினேழு வயதுவரை சினிமாவே பார்க்காமல் வளர்ந்தவர். ஆனால் எதிர்ப்பாளர்களில் ஒரு சாரார் இவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, படத்தை வெளியிட்ட யுனிவர்சல் ஸ்டூடியோவின் தாய் நிறுவனத் தலைவர் லூ வாசர்மன் யூதர் என்பதைப் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டருகே போய் ஆர்ப்பாட்டம் செய்தனர். பக்தியின் பேரால் பழைய யூத வெறுப்பு எவ்வளவு எளிதாகத் தலைதூக்கியது என்பதற்கு அது சாட்சி.

[திரையில்: 1983, 1988 என்ற இரண்டு ஆண்டுகள்.]

படம் முதலில் 1983இல் பாரமவுண்ட் நிறுவனத்திடம் இருந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன, திரையரங்கு உரிமையாளர்கள் தயங்கினர், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அந்நிறுவனம் கைகழுவிவிட்டது. பின்னர் யுனிவர்சல் முன்வர, சுமார் 70 லட்சம் டாலர் செலவில் மொராக்கோவில் படமெடுத்து முடித்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே, பழைய திரைக்கதைப் பிரதி ஒன்று கைக்குக் கை மாறியது. முடிவடைந்த படத்தில் இல்லாத வசனத்துக்காகவும் கண்டனம் எழுந்தது. கேம்பஸ் குருசேட் என்னும் கிறிஸ்தவ நற்செய்தி அமைப்பின் நிறுவனர் பில் பிரைட், தயாரிப்புச் செலவு முழுவதையும் தாமே திரட்டித் தருவதாகவும், பிரதிகள் அனைத்தையும் அழித்துவிடத் தம்மிடம் கொடுக்கும்படியும் கேட்டார். இந்த உரிமைகள் விற்பனைக்கு அல்ல என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து யுனிவர்சல் மறுத்துவிட்டது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஸ்டூடியோ வாசலில் கூடியவர்கள் ஏறத்தாழ 25,000 பேர்.

பார்க்காமலே எதிர்த்தார்கள் என்று இவர்களை எள்ளி நகையாடுவது எளிது. நான் அதில் சேர மாட்டேன். தம் தாயைப் பற்றித் தகாதது எழுதப்பட்டிருக்கிறது என்று கேள்விப்படுகிறவர், முதலில் முழுதும் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. வழிபடும் உருவத்தோடு பக்தருக்கு உள்ள உறவும் அப்படிப்பட்டது. பார்க்காமல் வருந்த அவருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பார்ப்பதைத் தடுக்கப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அது எதுவரை போகும் என்பதைப் பாரிஸ் கண்டது. அங்கே கர்தினால்கள் இருவர் படத்தைப் பார்க்காமலே கண்டித்திருந்தனர். 1988 அக்டோபர் 22 இரவு, படம் ஓடிக்கொண்டிருந்த சேன் மிஷேல் திரையரங்குக்கு அடிப்படைவாதிகள் தீவைத்தனர். பத்துப் பேருக்கு மேல் காயமடைந்தனர், சிலருக்கு மிகக் கடுமையான தீக்காயம். கண்டித்த கர்தினால்களுள் ஒருவரான லுஸ்டிஷே, தீவைப்பையும் கண்டித்தார்.

சரி, உள்ளே அமர்ந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும், நிதானமான, சிரிப்பே இல்லாத ஒரு படத்தை. பரபரப்பை எதிர்பார்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். யூதாஸாக நடித்த ஹார்வி கைட்டலின் நியூயார்க் உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆழ்ந்த பக்திப் படம் என்று போற்றியவர்களும் உண்டு. ஆனால் பார்த்துவிட்டு எதிர்த்தவர்களின் வாதமே எனக்கு வலுவானதாகத் தெரிகிறது. திருமணக் காட்சி அவர்களை அவ்வளவு உறுத்தவில்லை. தம்முள் இருப்பது அச்சம் மட்டுமே என்று சொல்லி, படம் நெடுகத் தடுமாறும் இயேசுவே அவர்களை உறுத்தினார். அது படத்தின் உயிரைத் தொடும் விமர்சனம்.

சிலியில் வழக்கு விசித்திரமாக நடந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று 1996இல் கிடைத்த அனுமதியை எதிர்த்து ஏழு வழக்கறிஞர்கள், இயேசு கிறிஸ்துவின் பேராலும் கத்தோலிக்கத் திருச்சபையின் பேராலும் தங்கள் பேராலும் மனுத் தாக்கல் செய்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் படத்துக்குத் தடை விதித்தது; உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், இது கருத்துரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சிலி தன் அரசியலமைப்பையே திருத்தியது.

[திரையில்: மடியில் விரித்த ஒரு புத்தகம்.]

1988இல் சமயத் தலைவர்களுக்காக நியூயார்க்கில் நடந்த முன்காட்சிக்கு வந்தவர்களுள் எபிஸ்கோபல் எனப்படும் அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர் பால் மூர் ஒருவர். படம் அவருக்குப் பிடித்திருந்தது. ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோவின் ‘மௌனம்’ நாவலை அவர் ஸ்கோர்செஸிக்குக் கொடுத்தார். அது படமாக 2016 வரை ஆயிற்று. அதை உரோமையில் இயேசு சபைக் குருக்களுக்குத் திரையிட்டார்கள். போப் பிரான்சிஸ் இயக்குநரைச் சந்தித்துப் பேசினார். இம்முறை ஸ்டூடியோ வாசலில் கூட்டம் இல்லை. திரையரங்கிலும் இல்லை: அமெரிக்காவில் அது ஈட்டியது சுமார் 70 லட்சம் டாலர். எல்லோரும் எதிர்த்த பழைய படம், அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஈட்டியிருந்தது.