வலி மாத்திரை உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது?

வலிக்கிற இடத்தை மாத்திரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிப்பதே இல்லை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாதிரியான வலி மாத்திரை ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, போகிற இடத்தில் எல்லாம் காக்ஸ் என்கிற நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

(திரையில்: செல் சவ்வு, அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம்)

அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் பிரிந்து வரும். 20 கார்பன் கொண்ட நீளமான மூலக்கூறு. காக்ஸ் நொதிக்குள் குறுகலாக ஒரு பாதை இருக்கிறது. அமிலம் அதற்குள் நுழைந்து, வளைந்து, ஆக்சிஜன் ஏறி, வேறொரு பொருளாக வெளியேறும். அதிலிருந்துதான் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. இவை வலி நரம்புகளைக் கூர்மையாக்கிவிடும், வீங்கின இடத்தில் லேசாகத் தொட்டாலே சுரீர் என்கிறதே, அது இதனால்தான். காய்ச்சலைக் கிளப்புவதும் இவைதான்.

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது, அது விற்பனைக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தெரியாமலே இருந்தது. 1971-ல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன்தான் அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

(திரையில்: நொதியின் உட்பாதை, மிக அருகில்)

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஐபுபுரோஃபென் இந்தப் பாதைக்குள் போய் உட்காரும், எதோடும் நிரந்தரமாக ஒட்டாது, ரத்தத்தில் அதன் அளவு குறையக் குறைய எழுந்து போய்விடும், நொதி பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். ஆஸ்பிரின் அப்படியில்லை. அது தன்னிடமிருக்கும் அசிட்டைல் தொகுதியைக் கழற்றி, பாதையில் இருக்கும் செரின் என்ற ஒரு அமினோ அமிலத்தின் மேல் ஒட்டிவிட்டுப் போகும். வினை நடக்கும் இடம் சேதமில்லாமல் அப்படியே இருக்கிறது, ஆனால் அராக்கிடோனிக் அமிலத்தால் அங்கே போய்ச் சேர முடியாது. மற்ற செல்கள் புது நொதியைச் செய்துகொள்ளும். ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்ய முடியாது, அதனால் ஏழு முதல் பத்து நாள் வரை, அவை சாகும்வரை அடைபட்டதுதான். இதய நோயாளிகளுக்குச் சின்ன அளவு ஆஸ்பிரினே போதுமாக இருப்பது இதனால்தான்.

சரி, வயிறு ஏன் புண்ணாகிறது? இரைப்பையின் சளிப் படலத்தைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான், அங்கே அதைப் பெரும்பாலும் செய்வது காக்ஸ்-1 என்ற வகை. வீக்கத்தில் அதிகமாவது காக்ஸ்-2. இரண்டின் வடிவமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆனால் முக்கியமான ஒரு இடத்தில் காக்ஸ்-1-ல் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இருக்க, காக்ஸ்-2-ல் அதைவிடச் சின்னதான வேலின் இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில் பக்கவாட்டில் ஒரு குழி திறக்கிறது. காக்ஸ்-2-ஐக் குறிவைக்கும் செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை நுழைவது அந்தக் குழிக்குள். எவ்வளவு அழகான வேலை! ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் காக்ஸ்-2 செய்யும் ஒரு பொருள்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, அதையும் சேர்த்துத் தடுத்தால் ஆபத்து. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு, பக்கவாதம் காரணமாக 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம் ஒரு விஷயம். ஐபுபுரோஃபெனை முதலில் போட்டால் அது பாதைக்குள் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் வரும் ஆஸ்பிரின் செரினைத் தொடவே முடியாது, கொஞ்ச நேரத்தில் ரத்தத்திலிருந்தும் மறைந்துவிடும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் வலிக்கு ஐபுபுரோஃபெனும் போடுவதாக இருந்தால், எதை முதலில், எவ்வளவு இடைவெளி விட்டு என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.