கிரெட்டா வாங்கப் போறீங்களா? தொப்பூர் இறக்கத்தை மனசுல வச்சு வேரியண்ட் பாருங்க

வணக்கங்க. ஹூண்டாய் கிரெட்டா, 2024 ஜனவரியில வந்த மாடல், இதுல எதுக்கு கூடுதலா காசு போடலாம் எதுக்கு வேணாம்னு நம்ம தர்மபுரி ரோட்டை வச்சே பேசிடலாம். ஷோரூம் போனா கண்ணு முதல்ல சன்ரூஃப் மேல தான் போகும், கொஞ்சம் பொறுங்க.

(காட்சி: தொப்பூர் கணவாய், சேலம் பக்கம் இறங்குற ரோடு)

இங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா அது சூடாகி பிடிமானம் குறைஞ்சிரும், லாரிங்க இங்க கட்டுப்பாடு இழக்குறதுக்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். கிரெட்டால நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காம பார்த்துக்குற இஎஸ்சி, மேட்டுல நிறுத்தி எடுக்குறப்போ பின்னாடி உருளாம பிடிக்குற ஹில் அசிஸ்ட் எல்லாமே பேஸ் வேரியண்ட்லயே வருது, ரொம்ப நல்ல விஷயம்ங்க இது. அதுக்காக நியூட்ரல்ல விட்டுடாதீங்க, தேர்ட் கியர்ல இறங்குங்க, ஐவிடி ஆட்டோமேட்டிக்னா லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மைனஸ்ல தட்டி கியரைக் குறைங்க, எஞ்சினே வண்டியோட வேகத்தைப் பிடிச்சு வைக்கும்.

திரும்பி ஏறுறப்போ தான் எஞ்சின் வித்தியாசம் தெரியும். சாதா 1.5 பெட்ரோல்ல டார்க், அதாவது இழுவை சக்தி, 144 என்எம், அதுவும் 4500 ஆர்பிஎம் கிட்ட தான் முழுசா கிடைக்கும், அஞ்சு பேரு, லக்கேஜ், ஏசின்னு ஏறினா கியரைக் குறைக்காம முடியாது. டீசல்ல 250 என்எம், 1500 ஆர்பிஎம்லயே வந்துரும். மாசத்துல பாதி நாள் சேலம், ஓசூர்னு ஓடுறவங்க டீசலே எடுங்க, டவுனுக்குள்ள மட்டும்னா பெட்ரோல் போதும்.

(காட்சி: பின் சீட்)

சீட்டும் சாய்வும் சேர்ற இடுக்குல கையை விட்டுப் பாருங்க, கம்பி மாதிரி தட்டுப்படுதா, அதான் ஐசோஃபிக்ஸ், குழந்தை சீட்டை மாட்டுற கொக்கி. குழந்தை சீட்டை அதுல மாட்டினா டக்குனு ஒரு சத்தம் வரணும், அப்புறம் ஆட்டிப் பார்த்தா அசையக் கூடாது. கைக்குழந்தை வீட்ல இருந்தா சன்ரூஃப் காசுல முதல்ல ஒரு நல்ல குழந்தை சீட் வாங்குங்க, தயவுசெஞ்சு மடியில வச்சுட்டுப் போகாதீங்க.

பூட் 433 லிட்டர், சீசன்ல கிருஷ்ணகிரி மாம்பழப் பெட்டி வைக்க தாராளம்.

அடாஸ், அதாவது ஓட்டுறவருக்கு உதவுற எலக்ட்ரானிக் வசதிங்க, மேல் வேரியண்ட்ல மட்டும் தான். அதுல வண்டி லேனை விட்டு விலகாம பார்த்துக்குற லேன் அசிஸ்ட், ரோட்டுக் கோட்டை கேமரால பார்த்து தான் வேலை செய்யும், பெங்களூர் ஹைவேல உதவும், கோடே இல்லாத கிராமத்து ரோட்டுல அதை நம்ப முடியாது. டெஸ்ட் டிரைவ்க்கு வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, மூணு பேரைப் பின்னாடி உட்கார வச்சு ஒரு மேடு ஏத்திப் பார்த்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.