வாலைப் பிடித்தால் சொல் வரும்

[காட்சி: மர மேசை. பழைய நாள்காட்டி அட்டையை வெட்டிச் செய்த ஏழு எழுத்துகள். பக்கத்தில் ஆறிப்போன தேநீர்.]

வணக்கம். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில், 1917-இல், செம்பனை நட்ட தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம். பெயர் ஒன்று, பயிர் ஒன்று.

விஷயத்துக்கு வருவோம். கையில் சில ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை வைத்து நீளமான சொல்லை எப்படிப் பிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை முழுவதும் இதைப் பற்றித்தான். நானும் அக்காள் மகளும் ஒரு பக்கம், எதிர்வீட்டு அண்ணன் மறுபக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் ‘டி’ என்று சொன்னால் அது டீயின் டி, டாக்டரின் டி அல்ல. ‘பி’ என்றால் பேப்பரின் பி, பஸ்ஸின் பி அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வீட்டில் எத்தனையோ ஆட்டம் பாதியில் நின்றிருக்கிறது.

[காட்சி: ஏழு அட்டைகளும் அருகில். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி.]

ஸ்கிராபிள் என்பது எழுத்துகளைப் பலகையில் வைத்துச் சொல் கட்டும் விளையாட்டு. அதில் ஒருவர் கையில் ஏழு எழுத்துகள்தான் இருக்கும். ஏழையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டால் 50 புள்ளி கூடுதல். இந்த ஏழை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 5,040. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தால் மதியச் சோறு ஆறிவிடும்.

பெரும்பாலோர் முதல் எழுத்தைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். தமிழர்கள் அப்படிச் செய்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. ‘படி’ என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போய் ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று நீட்டுகிற மொழி நம்முடையது. மலாய் வகுப்பில் இம்புஹான், அதாவது சொல்லோடு சேரும் ஒட்டுகள், படித்திருக்கிறோம்: ‘அஜார்’ என்பதற்கு முன்னும் பின்னும் ஒட்டினால் ‘பெலாஜாரான்’. ஆங்கிலமும் நீளுவது பெரும்பாலும் ஒட்டித்தான். ஆகவே தலையை விடுங்கள், வாலைப் பிடியுங்கள்.

[காட்சி: ஒரு கை, எஸ் அட்டையை வலது கோடிக்குத் தள்ளுகிறது.]

எஸ் இருந்தால் அதை வலது கோடிக்குத் தள்ளிவிடுவேன். மீதி ஆறு. அவற்றிலிருந்து ஆர், இ இரண்டையும் முன்னால் வைத்தால் ‘ரீடெயின்ஸ்’ வந்துவிடுகிறது. அதே ஆறைக் கலைத்தால் கண்ணின் விழித்திரை, ‘ரெட்டினாஸ்’. இப்போது எஸ்ஸைத் திரும்ப எடுத்துவிட்டு ஐ, இ, ஆர் மூன்றையும் வாலாக வையுங்கள்: ‘நாஸ்டியர்’. இ, ஆர் மட்டும் வால் என்றால் ‘ஸ்டெயினர்’, சாயம் பூசுகிறவர்.

இவ்வளவையும் நானும் அக்காள் மகளும் எழுதி முடித்துப் பெருமையாக உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அண்ணன் கிள்ளான் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். அட்டைகளை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, ஸ்டியரினை விட்டுவிட்டீர்களே?”

பனை எண்ணெயைக் குளிரவைத்தால் இரண்டாகப் பிரியும். திரவமாக நிற்பது ஒலீன், நம் அடுப்பங்கரைக்கு வருவது. கெட்டியாக உறைவது ஸ்டியரின், மார்ஜரின், சோப்பு போன்றவற்றுக்குப் போவது. எஸ், டி, இ, ஏ, ஆர், ஐ, என். ஏழும் இருக்கின்றன! நான் பிடித்த எந்த வாலும் அதில் இல்லை. செம்பனைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு அந்தச் சொல்லை நான் தவறவிட்டேன். அன்றைக்குத் தேநீர்ச் செலவு என்னுடையது.

[காட்சி: தாளில் நான்கு எழுத்துகள். பி, ஏ, எல், எம்.]

இனி வேறொரு கேள்வி. மேலே பார்த்தது, கொடுத்த எழுத்துகளை மட்டும் கொண்டு சொல் கட்டுவது. இன்னொரு வகையில், கொடுத்த எழுத்துகள் எல்லாம் சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதும். மற்றவற்றை நாமே சேர்த்துக்கொள்ளலாம். உதாரணத்துக்குப் பனையின் ஆங்கிலப் பெயரையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே வால் இன்னும் பெரிய உதவி, ஏனென்றால் கடனில் ஒரு பகுதியை அதுவே அடைத்துவிடும். ‘ஏஷன்’ என்று முடித்தால் ஏ வந்துவிட்டது. மீதி எம், பி, எல். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் நெருங்கிய சொந்தக்காரர்கள், அடிக்கடி ஒட்டியே வரும். ‘கன்டெம்ப்ளேஷன்’, 13 எழுத்து. ‘இம்ப்ளிமென்டேஷன்’, 14. பிரிந்து வந்தாலும் குற்றமில்லை: ‘மல்டிப்ளிகேஷன்’, அதுவும் 14. ‘மென்ட்’ வாலைப் பிடித்தால் ‘அக்கம்ப்ளிஷ்மென்ட்’, மறுபடியும் 14.

இன்னும் நீளம் வேண்டுமென்றால் தலையிலும் ஒட்ட வேண்டும். ‘இன்’ என்ற மறுப்பு முன்னால், ‘இபிலிட்டி’ பின்னால்: ‘இன்கம்பாட்டிபிலிட்டி’, 15 எழுத்து. ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசையில் 15 கட்டம். கோடியிலிருந்து கோடிவரை நிரம்பிவிடும்.

அக்காள் மகள் விடவில்லை. “மாமா, என்னிடம் 19 எழுத்து இருக்கிறது” என்று ‘இன்காம்ப்ரிஹென்சிபிலிட்டி’யை எழுதி நீட்டினாள். எண்ணிப் பார்த்தேன், 19 சரிதான். பி இருக்கிறது, எல் இருக்கிறது, எம் இருக்கிறது. ஏ? தலைமுதல் வால்வரை ஓர் இடத்திலும் இல்லை. நீளத்தில் மயங்கினால் இதுதான் நடக்கும். எழுதிய பிறகு கொடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துச் சரிபாருங்கள்.

கணினி இதை எப்படிச் செய்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அது 5,040 வரிசையையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி ஒரு சாவி செய்துவைத்துக்கொள்ளும். ரீடெயின்ஸ், நாஸ்டியர், ஸ்டியரின் மூன்றுக்கும் ஒரே சாவி: ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. உங்கள் எழுத்துகளையும் அப்படியே அடுக்கி, அந்தச் சாவிக்குரிய சொற்களை எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாவது வகைக் கேள்விக்கு இந்த நேர்வழி கிடையாது. பட்டியலை மேலிருந்து கீழாக ஓடி, நான்கு எழுத்தும் இருக்கிறதா என்று சொல்லுக்குச் சொல் பார்ப்பதுதான் எளிய வழி.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது.

[காட்சி: மேசையில் புதிய ஆறு அட்டைகள். இ, எஸ், டி, ஏ, டி, இ.]

இவை ‘எஸ்டேட்’டின் எழுத்துகள். டீயின் டி இரண்டு, இ இரண்டு. இரட்டை என்றால் சொல்லிலும் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அக்காள் மகள் 14 எழுத்துச் சொல் ஒன்றை எழுதித் தாளைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வால் எது என்று மட்டும் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறாள்: ‘மென்ட்’.